சட்டைப்பையில் ஐந்து மல்லாட்டை

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பாரம் நிரப்பத் தெரியும். வண்டிக்கு எப்.சி., லைசென்ஸ் புதுப்பிப்பு, ரேஷன் கார்டில் மகள் பெயர் சேர்ப்பது என்று எத்தனையோ நிரப்பியிருக்கிறேன். பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி. எந்த பாரமும் அதைத் தாண்டி என்னைப் பற்றிக் கேட்டதில்லை. போன கார்த்திகையில் என் மகள் என் கையில் கொடுத்த தாளில் அது எதுவும் இல்லை. மூன்றே வரி இருந்தது.

எதை நம்புகிறான்?

எது அவன் குறை?

யாரைக் கைவிடமாட்டான்?

"இது எந்த ஆபீசுக்கு?" என்று கேட்டேன். மகளும் அவளுடைய இரண்டு தோழிகளும் சிரித்தார்கள். சுவர் ஓரமாக முறத்தோடு உட்கார்ந்து, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்த என் மனைவியும் சிரித்தாள்.

மகள் கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் இரண்டாம் வருஷம். போனில் பார்த்து ஒரு கதை ஆட்டம் கற்றுக்கொண்டு, அதன் சட்டத்தையெல்லாம் ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் பாய் விரித்து ஆடுவார்கள். ஒருத்தி கதை சொல்வாள், அது என் மகள். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருப்பார்கள். "இங்க ஒரு ஆறு வருது, இன்னா பண்ற?" என்று இவள் கேட்பாள். அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதற்குப் பகடை. தோழிகளில் ஒருத்தி கல்வராயன் மலைக்காரி, விடுதியில் தங்கிப் படிப்பவள். இன்னொருத்தி சங்கராபுரம். நான்காவதாக ஒரு பெண் இருந்தாள். அவள் கல்யாணமாகி திருநாவலூர்ப் பக்கம் போய்விட்டாள். ஆள் குறைந்ததால் என்னைப் பிடித்தார்கள்.

நான் அதற்கெல்லாம் ஆகிற ஆள் இல்லை. குட்டி யானை வண்டி ஓட்டுகிறேன். மலையிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிக் கீழே ஜவ்வரிசி மில்லில் இறக்குவதுதான் வேலை. மலை வளைவில் ஹாரன் அடிக்கவே எனக்குக் கூச்சம். பஸ்ஸில் போனால், இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராமல் அடுத்த ஊர் வரை போய் நடந்து திரும்பியிருக்கிறேன்.

"எனக்கு நடிக்கவெல்லாம் வராது" என்றேன்.

"நடிக்க வாணாம்ப்பா. உனக்கு இன்னா தெரியுமோ அந்த ஆளாவே இரு. மாட்டுவண்டிக்காரன். ராஜா காலம். மலைமேல உப்பு கொண்டுபோற. அந்தாளு எப்படிப்பட்டவன்னு மட்டும் எழுது."

பேனாவை வாங்கினேன். முதல் வரி சுலபமாக வந்தது. 'ஏற்றின சரக்கை இறக்காமல் திரும்பமாட்டான்' என்று எழுதினேன்.

இரண்டாவது வரியில் 'குறை ஒன்றும் இல்லை' என்று எழுதினேன்.

சுவர் ஓரத்திலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "எழுதுங்க எழுதுங்க. தாளு பத்தாது."

மகள் பேனாவைப் பிடுங்கி, நான் எழுதினதை அடித்துவிட்டு, 'நாலு பேர் எதிரில் வாய் திறக்கமாட்டான்' என்று எழுதினாள். யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

மூன்றாவது வரி. யாரைக் கைவிடமாட்டான். 'பெண்டாட்டியை' என்று எழுத முதல் எழுத்தை ஆரம்பித்துவிட்டேன். பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் அவள் மல்லாட்டையை நசுக்கும் சத்தம் டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த எழுத்தைக் கிறுக்கிவிட்டு 'மாட்டை' என்று எழுதினேன்.

மகள் அதை உரக்கப் படித்தாள்.

"மாடு குடுத்து வெச்சது" என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காது சூடானது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம் எலவனாசூர்கோட்டையில் என் அண்ணன் வீட்டில் நடந்தது. ஏழு வருஷம் ஆகிறது. வீடு நிறையக் கூட்டம். விளக்குத் தட்டில் அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருந்தது. பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். யாராவது மிதித்து நசுக்கிவிடுவார்கள் என்று அதை எடுத்துப் பரண்மேல் அண்டாவுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். சரக்கு ஏற்றுகிறவன் புத்தி அது. உடைகிற பொருளைக் கண்டால் கை சும்மா இருக்காது. வைத்துவிட்டு வாழை இலை வாங்கப் போய்விட்டேன்.

இலைக்கட்டோடு திரும்பி வந்தால் உள்ளே தேடல் நடந்துகொண்டிருந்தது. அண்ணி நடு வீட்டில் நின்று, "கடைசியா வெளக்குத் தட்டத் தொட்டது யாருன்னு எனக்குத் தெரியும், நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்தாள். இருபது பேரும் பார்த்தார்கள். நான் வாசலில் இலைக்கட்டைத் தோளில் வைத்தபடி நின்றேன். 'நான்தான் எடுத்து வைத்தேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கூட்டம் கலையட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கூட்டம் கலைவதற்கு முன்பே என் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் மோசம். இரண்டு நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போய், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சிமிழைப் பரணிலிருந்து இறக்கி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். கிடைத்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். நான் வந்துபோனது தெரிந்து அண்ணி வேறு கணக்குப் போட்டாள். எடுத்தவள் புருஷன் கையிலேயே திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டாள் என்று சொந்தத்தில் பேச்சானது. அன்று முதல் என் மனைவி அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சிமிழைப் பரணில் வைத்தவன் நான் என்பது அவளுக்கும் தெரியாது. அவளிடமும் நான் சொல்லவில்லை.

அந்த மூன்றாவது வரியில் என்னவென்று எழுதுவேன்?

ஆட்டம் தொடங்கியது. அதன் சட்டத்தில் ஒன்று எனக்கு விசித்திரமாக இருந்தது. நம் ஆளுடைய குறையால் கதையில் நமக்குத் தொல்லை வந்தால், கதை சொல்கிறவள் நமக்கு ஒரு காசு மாதிரி ஏதாவது கொடுப்பாள். காசுக்குப் பதிலாக மகள் தன் அம்மாவின் முறத்திலிருந்து மல்லாட்டையை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் குறையை மீறி நடக்க வேண்டும் என்றால், ஒரு மல்லாட்டையை உடைத்துத் தின்றுவிட்டுத்தான் மீற முடியும். பகடை சரியாக விழாவிட்டால் இன்னொன்றைத் தின்று மறுபடி போடலாம். முதல் வரியில் எழுதின நம்பிக்கைப்படி நடந்தால் பகடையில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம்.

சங்கராபுரம் பெண் ஒரு வாள்வீரன். குறை, கோபம். அவள் கண்ட இடத்தில் கோபப்பட்டு மல்லாட்டை வாங்கி, உடனுக்குடன் தின்று தீர்த்தாள். மலைக்காரப் பெண் மூலிகைக்காரி. நான் பேசாமல் இருந்து இருந்தே சம்பாதித்தேன். சுங்கக்காரன் அதிகமாகக் கேட்டான், பேசவில்லை, ஒன்று. சத்திரத்தில் எனக்கு மட்டும் சோறு வைக்கவில்லை, கேட்கவில்லை, இன்னொன்று. ஐந்து சேர்ந்துவிட்டது. ஒன்றையும் தின்னவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அங்கிள், அத துண்ணாதான் பிரயோஜனம்" என்றாள் சங்கராபுரம் பெண்.

"இருக்கட்டும்மா."

"கத முடிஞ்சா அது செல்லாது அங்கிள்."

"அது வெத மல்லாட்ட" என்றேன். உண்மையில் அப்படித்தான். மார்கழிப் பட்டத்துக்கு எங்கள் அரைக்காணியில் விதைக்க எடுத்து வைத்தது. விதைக்கு உடைக்கும்போது யாரும் வாயில் போடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் நான் நடக்கத் தொடங்கின நாளிலிருந்து கேட்டது. சொத்தையும் சூம்பலும்தான் தின்னலாம். நல்ல காயை எடுத்துத் தின்ன எனக்குக் கை வரவில்லை.

"அப்பா ஆட்டத்துலயும் வெவசாயம் பண்றாரு" என்றாள் மகள்.

பாதை மேடு பள்ளமாக இருக்கிறது, வண்டி குலுங்குகிறது என்றாள். வண்டியில் கோட்டைக்குக் கொண்டுபோகிற தேன் ஜாடி ஒன்று இருந்தது. "ஜாடி ஒடஞ்சிடும். நான் அத எடுத்து வைக்கோலுக்குள்ள வெக்கிறேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. கை தானாகச் சொன்ன மாதிரி. மகள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

கோட்டை வாசல் வந்தது. காவல்காரன் சரக்கைச் சரிபார்த்தான். தேன் ஜாடியைக் காணோம். கூட்டம் கூடிவிட்டது. காவல்காரன் மூலிகைக்காரியைக் கைகாட்டி, "இவ மலைக்காரி, இவதான் எடுத்திருப்பா" என்றான்.

"நான் எடுக்கல" என்றாள் மலைக்காரப் பெண். என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்கதான் வெச்சீங்க. சொல்லுங்க."

பாயில் உட்கார்ந்திருப்பது மறந்து, தோளில் இலைக்கட்டு கனத்தது.

"என் ஆளு பேசமாட்டானே. சட்டம் அப்படித்தான இருக்குது" என்றேன்.

"ஒண்ணு துண்ணுட்டு பேசலாம்ப்பா" என்றாள் மகள். "அஞ்சி வெச்சிருக்க."

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன்.

மகள் ஆறாவது மல்லாட்டையை என் பக்கம் தள்ளினாள். "பேசாம இருந்ததுக்குக் கூலி. மூலிகைக்காரிய வாசலுக்கு வெளியே தள்ளிட்டாங்க. வெளியே மழை." நோட்டை மூடினாள். அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான்.

அந்த ஆறாவதை நான் தொடவில்லை. பாயிலேயே கிடந்தது. அப்போதுதான் கவனித்தேன், டக் டக் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. மனைவி முறத்தில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் குனிந்து உடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் மழைக்காகக் கல்லூரிக்கு லீவு விட்டார்கள். மலைக்காரப் பெண்ணை அவள் ஊரில் விட, நான் கிழங்கு ஏற்றப் போகும்போது வண்டியில் கூட்டிப்போனேன். மகளும் வந்தாள். மழை விட்டிருந்தது. வளைவுக்கு வளைவு தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கிள், ஹாரன் அடிங்க. எதிர்ல வர்றவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அந்தப் பெண்.

அடித்தேன்.

கொஞ்ச தூரம் போய் அவளே சொன்னாள். "நேத்திக்கு நைட்டுகூட நெனச்சிக்கினு இருந்தேன். அடுத்த ஞாயித்துக்கெழம வரிக்கும் நான் மழையில நிக்கணும். நீங்க உள்ள சோறு துண்ணுக்கினு இருப்பீங்க."

"வெறும் ஆட்டம்டீ" என்றாள் மகள்.

"ஆட்டம்தான். ஆனா நிக்கிறது நான் இல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னாள். ஒரு வாரத்தை நினைத்து அவள் சொன்னாள். நான் ஏழு வருஷத்தை நினைத்தேன். அவளை இறக்கிவிட்டு, கிழங்கு ஏற்றி, மகளை முன்னால் போகிற பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தனியாக மலை இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டு, அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "சிமிழ எடுத்து வெச்சது நான்தான்." ஹாரன் சத்தத்தோடு சொன்னால் வந்தது. ஹாரன் இல்லாமல் வரவில்லை.

புதன்கிழமை காலையில் அண்ணன் வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம். கூடப் பங்காளிகள் இரண்டு பேர். அண்ணிக்குக் கால் வலி, வரவில்லை என்றார். எங்கள் பக்கம் பத்திரிகை வைக்கும்போது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து நின்று தட்டை வாங்க வேண்டும். ஏழு வருஷமாக அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு நான் தனியாகத்தான் வாங்கினேன். "அவ காட்டுல இருக்கா" என்பேன். அண்ணனும் மேற்கொண்டு கேட்கமாட்டார்.

"எங்கடா அவ?" என்றார் அன்றைக்கும், வழக்கத்துக்காக.

"உள்ள இருக்கா" என்றேன்.

அண்ணன் ஒரு கணம் விழித்தார். சமையல்கட்டிலிருந்து மல்லாட்டை உடைக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "சரி, நீ புடி" என்று தட்டை நீட்டினார்.

நான் தட்டை வாங்கவில்லை. கை சட்டைப்பைக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமை போட்ட அதே சட்டை. ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்து வாயில் போட்டேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரிகை வைக்க வந்தவர்கள் எதிரில் ஒருத்தன் மல்லாட்டை தின்றால் எப்படி இருக்கும்? வாய் உலர்ந்திருந்ததால் அது மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்கவும் இல்லை. மென்றுகொண்டே சொன்னேன்.

"ண்ணா. அம்மா காரியத்துல அந்தச் சிமிழ எடுத்துப் பரண்மேல வெச்சது நான்தான். பசங்க மிதிச்சிடும்னு வெச்சேன். அப்பறம் எறக்கி சாமி படத்துக்குப் பின்னால வெச்சதும் நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

"எந்தச் சிமிழுடா?" என்றார் அண்ணன். அப்புறம் முகம் மாறியது. "ஏழு வருசமா இத சொல்லாம இன்னாடா பண்ணிக்கினு இருந்த?"

"நாலு பேரு இருந்தாங்கண்ணா."

"இப்பவும் நாலு பேரு தானடா இருக்கறோம்."

பங்காளி ஒருவர், "அப்ப அந்தப் பொண்ணு மேல சும்மாவா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "யம்மா, வெளிய வாம்மா. ரெண்டு பேருமா நின்னு வாங்குங்க" என்றார்.

மனைவி வெளியே வந்தாள். கையில் தண்ணீர்ச் சொம்பு. "மாமா, தண்ணி குடிங்க. காபி போடறேன், குடிச்சிட்டுப் போங்க. பத்திரிகைய அக்கா வந்து வெக்கட்டும்" என்றாள்.

வைக்க வந்த பத்திரிகையைத் திருப்பி எடுத்துப்போவது நல்லதில்லை என்பார்கள். அண்ணன் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டினார். திட்டினதா, தேற்றினதா தெரியவில்லை.

மனைவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை எடுப்பாள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில்தான் வாய் திறந்தாள்.

"ஜாடிய வைக்கோலுக்குள்ள வெக்கிறேன்னீங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. இந்தாளு கைதான் அதுன்னு. வாயால வரட்டும்னு பாத்துக்கினு இருந்தேன்."

என் கை சட்டைப்பைக்குப் போனது.

"இன்னும் எத்தன வெச்சிருக்கீங்க?"

"நாலு மல்லாட்ட."

"நான் அத கேக்கல" என்றாள். உதடு மட்டும் கொஞ்சம் கோணிற்று. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

அன்று மத்தியானமே அண்ணி வந்தாள். நிஜமாகவே கால் வலிதான், தாங்கித் தாங்கி நடந்தாள். தட்டில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, நடுவில் அந்தச் சிமிழ். திறந்து குங்குமம் நீட்டினாள். "அன்னைக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போச்சி. மனசுல வெச்சிக்காத" என்றாள்.

"வெச்சிட்டேன்க்கா" என்றாள் என் மனைவி. "எடுக்குறேன். நாளாவும்."

அண்ணி தலையாட்டினாள். மனைவி குங்குமம் எடுத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று தட்டை வாங்கினோம். தட்டு சாய்ந்ததில் பாக்கு ஒன்று உருண்டு விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்தவுடன், மகள் நோட்டைப் பிரிப்பதற்குள் நான் ஒரு மல்லாட்டையை உடைத்துவிட்டேன்.

"இருப்பா, நான் இன்னும் கதயே ஆரம்பிக்கல."

"மழையில நிக்குதும்மா அந்தப் பொண்ணு" என்றேன். மலைக்காரப் பெண் கையைத் தட்டினாள்.

காவல்காரனிடம் சொன்னேன். நம்புகிறானா என்று பகடை போட்டால் ஒன்று விழுந்தது. நம்பவில்லை. இன்னொன்றைத் தின்று மறுபடி போட்டேன், மூன்று. நாலு வேண்டும் என்றாள் மகள். ஏற்றின சரக்கை ஒழுங்காக இறக்க வேண்டும் என்பதற்காகத்தானே பேசுகிறான், நம்பிக்கைக்கு ஒன்று கூட்டு என்று சங்கராபுரம் பெண் எனக்காகச் சண்டை போட்டாள். நாலு ஆனது. கதவு திறந்தது. சொல்லிவிட்டால் உடனே எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்று அந்த ஆட்டத்திலும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கதை முடிந்ததும், ஆளுக்கு ஒரு வரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றாள் மகள். என் தாளை எடுத்தேன். மூன்றாவது வரியில் 'மாட்டை' என்று இருந்த இடத்தில் பேனாவை வைத்தேன்.

"மாடு இருக்கட்டும்" என்றாள் மனைவி, முறத்திலிருந்து தலை தூக்காமல். "அது தாளுல இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா. ரெண்டாவத மாத்துங்க. 'லேட்டா வாய் தெறப்பான்'னு எழுதுங்க."

எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்து நிமிர்ந்தபோது, அவள் முறத்தை ஒதுக்கிவிட்டுப் பாய்க்கு வந்திருந்தாள்.

"எனக்கும் ஒரு தாளு குடு" என்றாள் மகளிடம்.

முதல் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். இரண்டாவது வரிக்கு வந்ததும் யோசிக்கவே இல்லை. குறை ஒன்றும் இல்லை என்று எழுதினாள்.

பாயைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள்.

"எழுது எழுது, தாளு பத்தாது" என்றேன்.

அவள் ஒரு பிடி மல்லாட்டைத் தோலை அள்ளி என்மேல் வீசினாள்.